5 நி.மீ. (நியூட்டன் மீட்டர்) இறுக்கம் வைத்தும் ஹேண்டில்பார் இறங்குகிறது. போல்ட்டை இன்னும் இறுக்கலாமா?

1. அல்சூர்_சைக்கிள் (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம் எல்லாருக்கும். பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். ஓல்டு மெட்ராஸ் ரோடு வழியா டின் ஃபேக்டரி தாண்டி தினமும் வேலைக்குப் போக வர சைக்கிள்தான். அந்த ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும், பள்ளம் முடிஞ்சா ஹம்ப்.

ரெண்டு வாரமா ஹேண்டில்பார் தானா கீழே சுத்திக்குது. பிரேக் பிடிச்சுக்கிட்டு ஹம்ப்ல இறங்கும்போது கையோட எடை முன்னாடி விழுது பாருங்க, அப்போ ஒரு விரக்கடை இறங்கிடும். நேத்து பஸ்ஸுக்குப் பின்னாடி வரும்போது அப்படி ஆச்சு. உடம்பே நடுங்கிப்போச்சு.

ஸ்டெம்மோட (ஹேண்டில்பாரை முன்சக்கர ஃபோர்க்கோட இணைக்கிற துண்டு) முன்தகடு நாலு போல்ட் வகை. மேலே 5 நி.மீ.ன்னு அச்சடிச்சிருக்கு. இதுக்காகவே சின்ன டார்க் ரெஞ்ச் (வெச்ச அளவு இறுக்கம் வந்ததும் காட்டுற சாவி) ஒண்ணு வாங்கினேன், சொடுக்குச் சத்தம் வர்ற வகை. நாலு போல்ட்டும் 5ல சொடுக்குது. ஆனாலும் பார் சுத்துது. மூணு மாசம் முன்னாடி சாதாரண ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டு முறுக்கி ஒரு போல்ட்டோட தலைக்குழி வழுக்கிப்போச்சு. அதை மட்டும் எஸ்.பி. ரோட்டுல ஒரு ஹார்டுவேர் கடையில வாங்கி மாத்தினேன். மத்தபடி எல்லாம் வண்டியோட வந்ததுதான்.

7 நி.மீ. வரைக்கும் போகலாமா?

2. துரஹள்ளி_மண் (செவ்வாய், இரவு 9.58)

போகாதீங்க. 5ன்னு போட்டிருந்தா 5தான் மேல் எல்லை. முதல்ல பாரைக் கழட்டி, ஸ்டெம் கவ்வுற இடத்துல எண்ணெய், கிரீஸ், வியர்வைப் பிசுக்கு இருக்கான்னு பாருங்க. அப்புறம் முன்தகடுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவுல உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. பார்க்கிற வரைக்கும் அந்த வண்டியை ரோட்டுல இறக்காதீங்க.

3. பீன்யா_லேத் (செவ்வாய், இரவு 11.15)

பீன்யாவில் மெஷின் ஷாப்பில் இருபது வருஷமாக போல்ட்டோடுதான் பிழைப்பு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "எத்தனை நி.மீ." என்ற கேள்வியிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறோம்.

நி.மீ. என்றால் நியூட்டன் மீட்டர். மனதில் நிற்க ஒரு கணக்கு: போல்ட்டின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட 5 நி.மீ. இது சாவியைத் திருப்புகிற அளவு. ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்து வைப்பது அந்தத் திருப்பல் இல்லை. போல்ட் ஒரு ஸ்பிரிங். மரையில் இறங்கி, தலை தகட்டில் உட்கார்ந்த பிறகு, நாம் முறுக்க முறுக்க அது நீளவாக்கில் இழுபடுகிறது. இழுபட்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் தகட்டையும் ஸ்டெம்மையும் சேர்த்துக் கவ்வுகிறது. எம்5 (5 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டில் 5 நி.மீ. வைத்தால் இந்த இழுவிசை தோராயமாக 5000 நியூட்டன், அதாவது 500 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. நாலு போல்ட்டுக்கு இரண்டு டன். இவ்வளவுக்கும் போல்ட் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான்.

இப்போது முக்கியமான இடம். சாவியில் நாம் கொடுக்கிறதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறுகிறது. பாதி, போல்ட் தலைக்கு அடியில் உராய்வில் போகிறது, மீதி மரையில் உராய்வில் போகிறது. அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் கவ்வும் விசை நிறைய மாறும். துருப்பிடித்த மரையில் 5 வைத்தால் ரெஞ்ச் சொடுக்கும், ஆனால் போல்ட் போதுமான அளவு இழுபட்டிருக்காது. அதே மரையில் கிரீஸ் இருந்தால் அதே 5க்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக்கூட இழுபடலாம்.

எனவே ரெஞ்ச் சொடுக்கியது என்றால் "இவ்வளவு எதிர்ப்பு வந்தது" என்று மட்டும் பொருள். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. உங்கள் நாலு போல்ட்டில் ஏதோ ஒன்றில் எதிர்ப்பு தப்பான இடத்திலிருந்து வருகிறது என்று சந்தேகப்படுகிறேன். இடைவெளியை அளந்து போடுங்கள்.

4. காட்டர்_பின் (புதன், காலை 6.20)

தம்பிகளா, நான் இதுல கொஞ்சம் மாறுபடுறேன். எங்கப்பா ஆம்பூர்ல வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தார். நான் சிவாஜிநகர்ல முப்பது வருஷம் ரிப்பேர் கடை நடத்தினேன். டார்க் ரெஞ்ச்னு ஒண்ணைக் கையால தொட்டதில்லை. ஒரு வண்டியும் ரோட்டுல கழண்டு விழுந்ததில்லை.

பழைய கறுப்பு வண்டியில கிராங்க்குக்கு (பெடல் மாட்டுற கை) காட்டர் பின் போடுவோம். இப்போ உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் சீவின ஆணி அது. அதை நட்டால இழுத்து இறுக்கினா மரை போயிடும். கிராங்க்குக்கு அடியில ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, சுத்தியலால அடிச்சு இறக்கணும். சத்தம் "டொக் டொக்"னு வரும், சரியா உட்கார்ந்த பிறகு "டிங்"னு மாறும். அப்புறம்தான் நட்டு. நட்டு சும்மா காவலுக்கு, பிடிக்கிறது ஆப்பு. மறுநாள் வாடிக்கையாளரை வரச் சொல்லி இன்னொரு தட்டு. இதெல்லாம் கைக்கும் காதுக்கும் தெரியற விஷயம்.

புதுசா வர்றவங்க ரெஞ்ச்ச நம்பி கையை மறந்துடுறாங்கன்னு எனக்கு வருத்தம்.

5. நந்தி_சரிவு (புதன், காலை 8.05)

ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் சின்னப் பொண்ணு. ஆனா என் கதையையும் சொல்லிடுறேன்.

என்னோடது கார்பன் நார் ஃபிரேம், கார்பன் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்குற குழாய்). நந்தி மலை ஏறும்போது சீட் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. ஒரு கடையில காட்டினேன், பேர் வேண்டாம். அனுபவசாலியான மெக்கானிக்தான். கையால "நல்லா" இறுக்கிக் கொடுத்தார். இறங்குறது நின்னுச்சு. ஒரு மாசம் கழிச்சுத் துடைக்கும்போது கிளாம்ப்புக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. நகத்தால தடவினா தட்டுப்பட்டுச்சு. போஸ்ட் வெடிச்சிருந்தது. அதை அப்பவே தூக்கிப் போட்டேன்.

இரும்பு நெளிஞ்சு காட்டும். கார்பன் நெளியாது, உள்ளே நார் உடைஞ்ச பிறகும் மேலே சும்மா இருக்கும், பிறகு ஒரு நாள் மொத்தமா விட்டுடும். அதைக் கையால உணர வழி இல்லை. எனக்கு 5 நி.மீ. எல்லை. தேவைப்பட்டது இறுக்கம் இல்லை, கார்பன் பேஸ்ட். அதுல பொடிப் பொடியா மணல் மாதிரித் துகள் இருக்கும், அது உராய்வைக் கூட்டும், அதனால குறைஞ்ச இறுக்கத்துலயே வழுக்காம நிக்கும். இப்போ அஞ்சுக்கும் கீழேதான் வெச்சிருக்கேன், ஒரு வருஷமா இறங்கலை. கார்பன் போஸ்ட்டுல சாதா கிரீஸ் மட்டும் தடவிடாதீங்க.

அல்சூர் அண்ணா, உங்க பார் அலுமினியமா, கார்பனா?

6. பீன்யா_லேத் (புதன், மதியம் 1.30)

காட்டர் பின் ஐயா சொன்னதில் நான் எதிர்க்க ஒன்றுமில்லை. "நட்டு காவலுக்கு, பிடிக்கிறது ஆப்பு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார். நான் முழ நீளம் எழுதியதும் அதுதான்.

கை ஏன் அவருக்குப் பொய் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பழைய ஸ்பேனர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 8 நம்பர் ஸ்பேனர் குட்டை, 17 நம்பர் நீளம். சின்ன நட்டுக்குக் குறைந்த திருப்பலும் பெரிய நட்டுக்கு அதிகத் திருப்பலும் போகும்படி செய்தவன் நீளத்திலேயே கணக்கை வைத்துவிட்டான். இரும்பு மரை, சரியான நீளச் சாவி, முப்பது வருஷக் கை. மூன்றும் சேர்ந்தால் தப்பாது.

இன்றைய வண்டியில் அந்த மூன்றில் இரண்டு மாறிவிட்டது. மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டது, விட்டுக்கொடுக்கும் இடம் குறைவு. சாவியோ பலர் வீட்டில் ஒரே நீளக் கைப்பிடி ராட்செட், அதில் 4 பிட்டும் மாட்டுவோம், 8 பிட்டும் மாட்டுவோம். கை ஒரே மாதிரிதான் இழுக்கிறது. விளைவு என்ன? சின்ன போல்ட்டை நெரித்துவிடுகிறோம், பெரிய போல்ட்டை அரைகுறையாக விட்டுவிடுகிறோம். என்னிடம் வந்த சைக்கிள்களில் இந்த இரண்டு தவறும் ஒரே வண்டியில் இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்டெம்மில் மரை உரிந்திருக்கும், பெடல் கையாலேயே கழலும்.

அளவுகள் எவ்வளவு எட்ட நிற்கின்றன பாருங்கள். பாட்டில் கூண்டு போல்ட் 2, 3 நி.மீ. போதும். ஸ்டெம், சீட் கிளாம்ப் பெரும்பாலும் 4 முதல் 6. டிஸ்க் பிரேக் கேலிபர் போல்ட் 6 முதல் 8. ஷிமானோ ஹாலோடெக் 2 இடது கிராங்க்கின் இரண்டு போல்ட் 12 முதல் 14. பெடல் 35க்கு மேல். கேசட் லாக்ரிங் (பின்சக்கரப் பல்சக்கரங்களைப் பிடிக்கும் வளையம்) 40 என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். பாட்டில் கூண்டுக்கும் லாக்ரிங்குக்கும் பதினைந்து, இருபது மடங்கு வித்தியாசம். எந்தக் கையும் இதை நினைவிலிருந்து கொடுக்காது. பொதுவாக நான் எழுதிய எண்ணைவிட உங்கள் பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கிற எண்தான் உங்களுக்குச் சட்டம்.

7. துரஹள்ளி_மண் (புதன், மதியம் 2.10)

"பெரியதை அரைகுறையாக" என்பதற்கு நான் சாட்சி. என் முதல் வண்டி சதுர முனை அச்சு உள்ள பழைய வகை கிராங்க். இடது பக்கம் லேசா "டக் டக்"னு சத்தம். எட்டாம் நம்பர் ஆலன் கீயைக் கையால முறுக்கினேன், நின்ன மாதிரி இருந்தது. மறுபடி சத்தம். மறுபடி முறுக்கினேன். இப்படி ரெண்டு மாசம் ஓட்டினேன். கடைசியா கிராங்க்கைக் கழட்டிப் பார்த்தா, உள்ளே சதுரத் துளை முட்டையா தேய்ஞ்சுபோச்சு. இரும்பு அச்சு அலுமினியத்தைத் தின்னுடுச்சு. அதுக்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. கிராங்க்தான் மாத்தணும்.

அதுக்குத் தேவை சுமார் 40 நி.மீ. குட்டை ஆலன் கீயில அது வரவே வராது. பெரிய டார்க் ரெஞ்ச் வாங்க முடியாதவங்களுக்கு நான் செய்யற வழி: ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு இருக்குல்ல, அதை ஸ்பேனர் கைப்பிடியில போல்ட் நடுவுலேர்ந்து சரியா 20 சென்டிமீட்டர்ல மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தா இழுங்க. 20 கிலோ காட்டினா 40 நி.மீ. கிட்ட வந்துடும். கோணம் சாய்ஞ்சா கணக்கு தப்பும், அதை மட்டும் பார்த்துக்குங்க. பெடலுக்கும் இதே வழிதான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்ங்கறதை மறக்க வேண்டாம், மரையில கிரீஸ் வெச்சுட்டு மாட்டுங்க.

8. அல்சூர்_சைக்கிள் (புதன், இரவு 10.05)

எல்லாருக்கும் நன்றி. பார் அலுமினியம்தான் தங்கச்சி. இன்னைக்கு மெட்ரோவுல போயிட்டு வந்தேன், சைக்கிளைத் தொடலை.

பார்த்தது இது. எண்ணெய், கிரீஸ் எதுவும் இல்லை. தகட்டோட இடைவெளியை வெர்னியர்ல அளந்தேன். மேலே ரெண்டு பக்கமும் சமம், கீழே வலது பக்கமும் அதே அளவு. கீழே இடது மூலையில மட்டும் ஒரு மில்லிமீட்டர் கிட்ட அதிகம். அந்த இடத்துல இருக்கிறதுதான் நான் மாத்தின புது போல்ட். ரெஞ்ச் அதுலயும் 5ல சொடுக்குது. சொல்லப்போனா அதுதான் முதல்ல சொடுக்குது.

9. பீன்யா_லேத் (புதன், இரவு 10.20)

அதைக் கழற்றி, பழைய போல்ட் ஒன்றையும் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் அளங்கள். பிறகு ஸ்டெம்மின் அந்தத் துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், மறுபக்கம் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று.

10. அல்சூர்_சைக்கிள் (புதன், இரவு 10.55)

பழசு 16 மில்லிமீட்டர். புதுசு 20. துளை அடைச்சிருக்கு.

11. பீன்யா_லேத் (புதன், இரவு 11.30)

கிடைத்துவிட்டது. உங்கள் புது போல்ட் 4 மில்லிமீட்டர் நீளம் அதிகம். அதன் நுனி துளையின் அடித்தளத்தில் முட்டி நிற்கிறது. ரெஞ்ச் உணர்ந்த எதிர்ப்பு அதுதான். தலை தகட்டை அழுத்தவே இல்லை. ரெஞ்ச் சரியாகத்தான் சொன்னது, 5 நி.மீ. போயிருக்கிறது, முழுவதும் அடித்தளத்துக்குப் போயிருக்கிறது. அந்த மூலை திறந்து கிடக்க, மற்ற மூன்றும் கோணலாகக் கவ்வி, ஹம்ப்பில் பார் சுழன்றது.

நீங்கள் 7 வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நுனி இன்னும் அழுந்தி துளையின் கடைசி மரையை நசுக்கியிருக்கும், மற்ற மூன்று போல்ட்டும் எல்லையைத் தாண்டியிருக்கும், பார் அப்போதும் சுழன்றிருக்கும்.

செய்ய வேண்டியது: நாலையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். மூன்று போல்ட் அதிகச் சுமை தாங்கி ஓடியிருக்கிறது, அவற்றை நம்ப வேண்டாம். ஸ்டெம் தயாரிப்பாளரின் போல்ட் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் தலையில் உள்ள எழுத்தைப் படித்து வாங்குங்கள். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுபடாத வலிமை, அதில் 80 சதவீதத்தில், 640ல், நிரந்தரமாக நீளத் தொடங்கும். 10.9, 12.9 இன்னும் வலுவானவை. பளபளப்பாக இருக்கிறதே என்று ஏ2-70 ஸ்டெயின்லெஸ் வாங்குகிறோம், அது 700தான். பழைய போல்ட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குக் கீழே போக வேண்டாம். நீளம் 16, ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது.

புது போல்ட்டை மாட்டும் முன் துளைக்குள் டார்ச் அடித்து மரை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சாவி இல்லாமல் விரலாலேயே கடைசிவரை இறங்க வேண்டும். எங்காவது கடித்தால் அந்த ஸ்டெம்மை விட்டுவிடுங்கள். வேறு இடம் என்றால் துளையைப் பெரிதாக்கி உள்ளே கம்பிச்சுருள் மரை வைத்துக் காப்பாற்றலாம், நானே செய்து தருவேன். ஆனால் உயிரைப் பிடித்திருக்கும் இடத்தில் அதைச் செய்ய மாட்டேன்.

12. காட்டர்_பின் (வியாழன், காலை 5.50)

நல்லாக் கண்டுபிடிச்சீங்க தம்பி. நானா இருந்தா போல்ட் உள்ளே போகும்போதே தெரிஞ்சிருக்கும். மெதுவா ஏறுற பிடிப்பு இருக்காது, சட்டுனு சுவர்ல முட்டின மாதிரி நிக்கும். தகடு அமுங்கினா கை அதை உணரும், கொஞ்சம் கொஞ்சமா கனக்கும். அல்சூர் தம்பி, ரெஞ்ச் போடுறதுக்கு முன்னாடி சாதா ஆலன் கீயால விரல் நுனியில பிடிச்சுத் திருகிப் பழகுங்க. கடைசிக் கால் சுத்துக்கு மட்டும் ரெஞ்ச் எடுங்க.

இன்னொண்ணு. இறுக்கும்போது பிடிப்பு ஏறிக்கிட்டே வந்து திடீர்னு மெத்துனு ஆச்சுன்னா, அங்கேயே நிறுத்துங்க. அது இறுகலை, மரையோ போல்ட்டோ சாகுது. அந்த போல்ட்டை மறுபடி போடக்கூடாது.

நாலு போல்ட்டையும் கோலத்துக்குக் குறுக்கே புள்ளி இணைக்கிற மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா. ஒண்ணை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா தகடு கோணும்.

13. நந்தி_சரிவு (வியாழன், காலை 7.40)

ஐயா சொன்ன குறுக்கு முறைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில ஸ்டெம்மில் மேல் பக்கம் இடைவெளியே இல்லாம மூடணும், கீழே மட்டும்தான் இடைவெளி வரும். அதுல மேல் ரெண்டையும் தொடுற வரைக்கும் முதல்ல இறுக்கணும், அப்புறம் கீழே. அண்ணா உங்களுடையது நாலு பக்கமும் சம இடைவெளி வகைதான்னு நினைக்கிறேன், இருந்தாலும் ஸ்டெம்மோட வந்த தாளைப் பாருங்க.

14. எச்.எஸ்.ஆர்_வெள்ளை (வியாழன், காலை 9.15)

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். என் வண்டியில ஸ்டெம் உச்சியில ஒரு மூடி, அதுல ஒரே ஒரு போல்ட். அது எத்தனை நி.மீ.? எங்கேயும் எண் போடலை. ஹேண்டில் லேசா ஆடுதேன்னு அதைப் பலமா இறுக்கினேன், இப்போ திருப்பவே கனமா இருக்கு.

15. துரஹள்ளி_மண் (வியாழன், காலை 9.50)

அது எதையும் பிடிக்கிற போல்ட் இல்லை. ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற இடம்) பேரிங்ல உள்ள ஆட்டத்தை எடுக்க மட்டும். வரிசை இது: ஸ்டெம் பக்கவாட்டுல உள்ள ரெண்டு போல்ட்டையும் முதல்ல தளர்த்துங்க. அதைத் தளர்த்தாம மூடியை முறுக்கினா உள்ளே இருக்கிற நட்சத்திர நட்டுதான் மேலே பிடுங்கிக்கிட்டு வரும். அப்புறம் மூடியை லேசா, ஆட்டம் போகிற வரைக்கும் மட்டும். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, பேரிங் இடத்துல விரல் வெச்சுப் பாருங்க, தட்டு இருக்கக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கினா ஹேண்டில் தானா சாயணும். ரெண்டும் சரியா இருந்தா ஸ்டெம்மை நேரா வெச்சு பக்கப் போல்ட்டை அதுல எழுதின அளவுக்கு இறுக்குங்க. ஃபோர்க்கைப் பிடிக்கிறது அந்தப் பக்கப் போல்ட்டுதான்.

16. பீன்யா_லேத் (வியாழன், இரவு 8.45)

ரெஞ்ச் பற்றிச் சில வார்த்தை, அல்சூர் நண்பர் புதிதாக வாங்கியிருப்பதால். சொடுக்கியதும் நிறுத்துங்கள். உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாவது, மூன்றாவது சொடுக்கு என்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டுவது. கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் உள்ளே ஸ்பிரிங் களைக்காமல் இருக்க மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். அளவுகோலின் இரு கோடியிலும் அதை அதிகம் நம்ப வேண்டாம், நடுப்பகுதியே நம்பகம்.

சரிபார்க்க வேண்டுமா? சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்ச்சைக் கிடைமட்டமாக வைத்து, கைப்பிடியில் 20 சென்டிமீட்டரில் இரண்டரை லிட்டர் தண்ணீரைத் தொங்கவிடுங்கள். 4.9 நி.மீ. வரும். ரெஞ்ச்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும். 5ல் வைத்த ரெஞ்ச் அந்த எடைக்குக் கிட்டத்தில் சொடுக்க வேண்டும்.

மரைக்கு என்ன தடவுவது என்ற கேள்வியும் வரும். ஸ்டெம் போல்ட்டுக்கு நான் மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லிய கிரீஸ் வைப்பேன், மழையில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கவும் வேண்டும். தயாரிப்பாளர் உலர்ந்த மரை என்று எழுதியிருந்தால் உலர்ந்ததாகவே. டைட்டானியம் போல்ட்டுக்கு ஒட்டுத்தடுப்புப் பசை கட்டாயம். மட்கார்டு, கேரியர் மாதிரி அதிர்வில் கழலும் இடங்களுக்கு நீல நிற மரைப்பசை, லாக்டைட் 243 வகை. அதைக் கிரீஸோடு சேர்த்துப் போட்டால் பசை சரியாகப் பிடிக்காது. சிவப்பை சைக்கிளில் போடாதீர்கள், பிறகு சூடு காட்டாமல் கழலாது.

17. அல்சூர்_சைக்கிள் (ஞாயிறு, மாலை 5.30)

நாலு புது போல்ட், 10.9, 16 மில்லிமீட்டர். துளையில டார்ச் அடிச்சுப் பார்த்தேன், மரை முழுசா இருக்கு, விரலாலேயே இறங்குச்சு. ஐயா சொன்னபடி ஆலன் கீயை விரல் நுனியில பிடிச்சு, குறுக்கும் நெடுக்குமா நாலு சுத்து. கனம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறது இந்தத் தடவை கைக்குத் தெரிஞ்சது. கடைசியா ரெஞ்ச், ஒரே சொடுக்கு. நாலு மூலையும் வெர்னியர்ல ஒரே அளவு.

போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட் பேனாவால ஒரு கோடு போட்டேன். லாரி வீல் நட்டுல போடுவாங்களே, அந்த மாதிரி. பாருக்கும் ஸ்டெம்முக்கும் நடுவுலயும் ஒண்ணு. வீட்டு வாசல்லயே முழு எடையையும் போட்டு அழுத்திப் பார்த்துட்டு, இன்னைக்குக் காலையில தேவனஹள்ளி வழியா நந்தி அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். நூறு கிலோமீட்டருக்கு மேல, ஹம்ப் எத்தனைன்னு எண்ணலை. கோடு எதுவும் விலகலை. ரெஞ்ச் வெச்சு மறுபடி பார்த்தேன், நாலும் அசையாம சொடுக்குது.

கூடவே பெடலையும் கொக்கித் தராசு போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் 8 கிலோவுலயே நகர்ந்துச்சு. இத்தனை நாள் அப்படியே ஓட்டியிருக்கேன். கிரீஸ் வெச்சு ரெண்டையும் 20 வரைக்கும் கொண்டுவந்துட்டேன்.

18. காட்டர்_பின் (ஞாயிறு, மாலை 6.10)

சந்தோஷம் தம்பி. அந்த 20 மில்லிமீட்டர் போல்ட்டை மட்டும் உதிரி டப்பாவுல போட்டு வெச்சுடாதீங்க. நாளைக்கு வீட்டுல வேற யாராவது எடுத்து மாட்டிடுவாங்க.